மூக்குக்கண்ணாடி வில்லையில் விழும் கீறல்

மைசூர் நகரின் பழைய பகுதிகளுள் மண்டி மொஹல்லாவும் ஒன்று. மண்டி என்பது சந்தையையும், மொஹல்லா என்பது குடியிருப்புப் பகுதியையும் குறிக்கும். கடைகளும் பட்டறைகளும் நெருங்கிய இத்தகைய பகுதியில் கோடைக் காலத்தில் ஒரு மணி நேரம் அலைந்து திரும்புவோரின் மூக்குக்கண்ணாடியில் மெல்லிய தூசிப் படலம் படிந்திருக்கும். அணிந்திருப்பவர் அதைக் கழற்றி, வேட்டி நுனியாலோ சேலைத் தலைப்பாலோ அழுத்தித் துடைத்து மீண்டும் அணிந்துகொள்கிறார். கண்ணாடி தெளிவடைந்ததாகத் தோன்றுகிறது. ஆயினும் வில்லைக்குச் சேதம் நேர்வது பெரும்பாலும் அந்தக் கணத்திலேதான்.

கீறுவது எது?

கீறுவது பெரும்பாலும் துணியன்று. துணிக்கும் வில்லைக்கும் இடையே அகப்பட்ட தூசியே ஆகும். மைசூர் வட்டாரத்துப் பாறைகளிலும், அவை சிதைந்து உண்டான மண்ணிலும் குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மிகுதியாக உண்டு. 1812-இல் மோஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தினார். கடினமான பொருள் தன்னினும் மென்மையான பொருளைக் கீறும் என்பதே அவ்வரிசைக்கு அடிப்படை. அதில் குவார்ட்ஸின் இடம் 7. சாதாரணக் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5½. பிளாஸ்டிக்கின் கடினம் அதைவிட மிகவும் குறைவு. ஆதலின், கண்ணுக்குப் புலப்படாத ஒரு மணல் துகளும் இருவகை வில்லைகளையும் கீறவல்லது.

முற்காலத்தில் வில்லைகள் கண்ணாடியாலேயே செய்யப்பட்டன. 1940-களில் சி.ஆர்.-39 என்னும் பிளாஸ்டிக் வழக்கிற்கு வந்தது. அதன் எடை கண்ணாடியின் எடையில் ஏறத்தாழப் பாதியே. பின்னர் வந்த பாலிகார்பனேட் இன்னும் இலேசானது. அடிபட்டாலும் எளிதில் உடையாது. எனவே சிறுவர்களுக்கு அது ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையானது. இக்குறையை ஈடுசெய்ய, சில மைக்ரான் கனமுள்ள கடினப் பூச்சு ஒன்று அதன்மீது இடப்படுகிறது. இப்பூச்சு கீறலைத் தாமதப்படுத்துமேயன்றி முற்றிலும் தடுக்காது.

கீறலால் விளையும் தீங்கு

வழவழப்பான வில்லை, ஒளிக்கதிர்களை ஒழுங்காக வளைத்து விழித்திரையில் சேர்க்கிறது. கீறலின் விளிம்புகளோ அக்கதிர்களைப் பல திசைகளில் சிதறடிக்கின்றன. எதிரே வெயிலோ வண்டி விளக்கோ வரும்பொழுது கூச்சமும் மங்கலும் உண்டாவது இதனால்தான். இதனால் கண்ணுக்கு நோய் உண்டாவதில்லை. எனினும் அணிபவருக்கு அசௌகரியம் மிகுதி.

பள்ளிச் சிறுவர்களைப் பொறுத்தவரை இது சிறிய விஷயமன்று. 1976-இல் தொடங்கப்பட்ட தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின்கீழ், பார்வைக் குறையுள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக மூக்குக்கண்ணாடி வழங்கப்படுகிறது. வில்லை கீறி மங்கியதும் பிள்ளை அதைப் பையில் வைத்துவிடலாம். அதன்பின் கரும்பலகை எழுத்துத் தெரியாமற் போவதை, படிப்பில் நாட்டமின்மை என்று பிறர் தவறாக எண்ணக்கூடும். எனவே ஆசிரியரும் களப்பணியாளரும் கண்ணாடி கொடுக்கப்பட்டதா என்பதோடு நில்லாமல், அது எந்நிலையில் உள்ளது என்பதையும் பார்ப்பது அவசியம்.

கீறலை அறியும் முறை

முதலில் வில்லையைக் கழுவி உலர்த்தவேண்டும். பின்பு விளக்கொளியில் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். கழுவியதும் மறைந்தது எண்ணெய்ப் பிசுக்கு. மறையாமல் கோடாக நிற்பது கீறல். வறண்ட ஏரிப் படுகைபோல் வலைப்பின்னலாக வெடித்திருப்பின், அது வெப்பத்தால் பூச்சில் நேர்ந்த வெடிப்பாக இருக்கலாம்.

மருந்தாகாத மருந்துகள்

பற்பசை, பற்பொடி, சாம்பல், விபூதி, சமையல் சோடா ஆகியவற்றால் தேய்த்தால் கீறல் மறையும் என்று பலர் நம்புகின்றனர். இது தவறு. பற்பசையில் சுண்ணத்தூளோ சிலிக்காவோ தேய்பொருளாகச் சேர்க்கப்பட்டுள்ளது. அது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியுள்ள பரப்பைத் தேய்க்கிறது. பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சின் மொத்தக் கனம் அரை மைக்ரானுக்கும் குறைவு. அது திட்டுத்திட்டாக நீங்கிவிடும். மெழுகும் எண்ணெயும் கீறலைச் சிறிது நேரம் மறைத்து, பின்னர் தூசியை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

கண்ணாடி வில்லையைச் சீரியம் ஆக்ஸைடு கொண்டு மெருகிடுவது தொழிற்சாலை முறை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிற் கிடைக்கும் மோனசைட்டில் இச்சீரியம் அடங்கியுள்ளது. ஆனால் வில்லையின் திறன் அதன் வளைவைப் பொறுத்தது. வளைவு மாறாமல் பரப்பு முழுவதையும் இயந்திரத்தில் மெருகிடவேண்டும். கையால் ஓரிடத்தைத் தேய்த்தால் வளைவு கெடும். எனவே பார்வைக்கு இடையூறான கீறல் விழுந்தால் வில்லையை மாற்றுவதே முறை. சட்டம் நன்றாயிருப்பின் அதையே வைத்துக்கொள்ளலாம். ஓரத்தில் விழுந்து தொல்லை தராத கீறலை அப்படியே விட்டுவிடலாம்.

காக்கும் முறைகள்

1. துடைக்குமுன் குளிர்ந்த நீர் ஊற்றித் தூசியைக் கழுவவேண்டும். விதிகளுள் தலையாயது இதுவே.

2. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு துளி இட்டு, விரல் நுனியால் மெல்லத் தடவி, மீண்டும் அலசவேண்டும்.

3. துவைத்த மென்துணியால் ஒற்றியெடுக்கவேண்டும். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் தானாக உலர்ந்தால் வெண்புள்ளிகள் படியும்.

4. வெளியூர்ப் பணியில் குடிநீர்ப் புட்டியிலிருந்து சிறிது ஊற்றினாலும் போதும். நீரில்லையெனில் தூசியை உதறி, நீர் கிடைக்கும்வரை துடைக்காமலிருப்பது நலம்.

5. வில்லை தரையில் படும்படி கவிழ்த்து வைக்கலாகாது. சாவி, சில்லறைக் காசுடன் சட்டைப்பையில் இடாமல் கெட்டியான கூட்டில் வைக்கவேண்டும்.

6. வெயிலில் நிற்கும் வண்டியிலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது. வெப்பத்தில் பிளாஸ்டிக் மிகுதியாக விரியும். பூச்சு அவ்வளவு விரியாமல் வெடிக்கும்.

7. நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசிட்டோன் பாலிகார்பனேட்டைக் கெடுக்கும். அதையும் பெயிண்ட் கரைக்கும் தின்னரையும் அருகில் கொண்டுவரலாகாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

பயனற்ற இரண்டு தெளிந்த பிளாஸ்டிக் மூடிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை தெருமண்ணைத் தூவவேண்டும். ஒன்றை உலர்ந்த துணியால் பத்து முறை துடைக்கவேண்டும். மற்றதை நீரில் நன்கு அலசியபின் அதேபோன்ற சுத்தமான துணியால் துடைக்கவேண்டும். இரண்டையும் விளக்குக்கு எதிரே பிடித்தால், உலரத் துடைத்த மூடியில் கீறல்கள் மிகுந்திருப்பதைப் பிள்ளைகள் தாமே காண்பர். இதனைக் கண்ணால் கண்ட பிள்ளை, அடுத்த முறை கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைக்காமல் குழாயடிக்கு எடுத்துச் செல்லும்.