தோட்டத்துக் காய்ச்சல்கள் – 9: பெயர் வராத காய்ச்சல்

ஓட்டக்காரனுக்குக் கெண்டைக்கால் வலித்தால் யார் பயப்படுவார்கள்? நேற்று கூடுதலாக ஓடியிருப்பான், தைலம் தேய்த்துவிடு என்பார்கள். எலிக் காய்ச்சல் ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. திடீர்க் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் தலைவலி, சிவந்த கண்கள், இவற்றோடு கெண்டைக்கால் வலியும் அதன் முக்கியமான அடையாளம்.

2000ஆம் ஆண்டு சபாவில் 'ஈகோ சேலஞ்ச்' என்ற சாகசப் போட்டி நடந்தது. காட்டு நடை, படகு, சைக்கிள், குகை, கடல் நீச்சல் எல்லாம் அதில் உண்டு. 26 நாடுகளிலிருந்து 304 பேர் வந்திருந்தார்கள். முடித்துவிட்டு ஆளுக்கொரு ஊருக்குத் திரும்பிய பிறகுதான் காய்ச்சல் கண்டது. லண்டன் வார்டில் படுத்திருப்பவரைப் பார்க்கும் மருத்துவருக்கு முதலில் தோன்றுவது மலேரியா. அதுவும் இல்லையென்றால் டெங்கி. வேறு வேறு நாட்டு மருத்துவர்கள் தகவல் பரிமாறிக்கொண்ட பிறகே விஷயம் பிடிபட்டது. விசாரணையில் சிக்கிய 189 பேரில் 80 பேருக்கு நோய்க்குறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். யாரும் சாகவில்லை. குற்றவாளி செகாமா ஆறு. அதில் நீந்தியவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது.

ஆற்றைச் சொல்லாமல் காய்ச்சலை மட்டும் சொன்னால் எந்த மருத்துவரும் தடுமாறத்தான் செய்வார்.

நெகிரி செம்பிலானில் இந்தக் காய்ச்சலுக்கு ஆறு தேடிப் போக வேண்டியதில்லை. பகாவ் பக்கமோ லாபு பக்கமோ செம்பனைக் காட்டுக்குள் போனால் எலி உண்டு, பழம் உண்டு, மழைத் தண்ணீர் தேங்கும் கான் உண்டு. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் உள்ள சிறு கீறலில் பட்டால் போதும். எலியைக் குறைக்கத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கூண்டு வைக்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் ஆந்தை கானைச் சுத்தம் செய்யாது. காலையில் காட்டு வேலை, மாலையில் சேறான திடலில் பந்து என்றிருக்கும் பையன் இருமுறை அந்தத் தண்ணீரில் இறங்குகிறான். காய்ச்சல் வருவதோ பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்து. அதற்குள் எந்தத் தண்ணீர், எந்த ஆட்டம் என்பது அவனுக்கே மறந்துவிடும்.

மருத்துவமனைக் கட்டிலில் அவன் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், எனக்கு என்ன?" உடனே பதில் வராததற்கு ஆய்வுக்கூடத்தைத் திட்டிப் பயனில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் தெரியவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முதல் நாள் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று அர்த்தமல்ல. அதனால்தான் முதலில் ஒரு ரத்தம், சுமார் இரு வாரம் கழித்து இன்னொரு ரத்தம் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். அளவு நான்கு மடங்கு ஏறியிருந்தால் உறுதி. விவரமறிந்த மருத்துவர் அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க மாட்டார். சந்தேகத்தின் பேரிலேயே பெனிசிலினோ டாக்ஸிசைக்ளினோ தொடங்கிவிடுவார். சிறுநீரகமும் ஈரலும் பழுதான பிறகு பெயர் வந்து என்ன செய்வது?

மலாயாவில் இந்த நோயை வில்லியம் பிளெட்சர் 1925இலேயே பதிவு செய்துவிட்டார். அவர் வேலை செய்த கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்குப் பின்னாளில் இயக்குநராக வந்தவர் மணி ஜெகதீசன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற அதே 'பறக்கும் டாக்டர்'தான். ஓட்டக்காரர் ஒருவரே கிருமி ஆய்வுக்கூடத்தை நடத்தியிருக்கிறார் என்பது நம் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதாத கதை. 2010இல் எலிக் காய்ச்சல் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயானது.

ஆனாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. மருந்து வேலை செய்து பையன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால், இரண்டாவது ரத்தம் கொடுக்கத் திரும்பி வருவதில்லை. மறுபடியும் திடலுக்குப் போய்விடுகிறான். அவன் கோப்பில் 'சந்தேகம்' என்பதே நிற்கிறது.

பெயர் தாமதமாவது ஒரு வகைத் துன்பம். தவறான பெயரோடு போர்ட்டிக்சன் அருகே புக்கிட் பெலாண்டோக் 1999இல் பட்டது வேறு வகை. அது அடுத்த வாரம்.

(தொடரும்)