பாரதக் கூத்தில் ஊரின் பங்கு

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் வட்டாரங்களில் கோடை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில்கள்தோறும் நடைபெறும் பாரத விழா, ஒரே கதையை மூன்று வழிகளில் ஊருக்குக் கொடுக்கிறது. பிற்பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடி, அன்றாடப் பேச்சில் பொருள் சொல்கிறார். இரவில் தெருக்கூத்துக் குழு அக்கதையை விடியும்வரை ஆடுகிறது. இறுதி நாள்களில் கதை கூத்துக்களரியை விட்டு இறங்கிச் சடங்காகி, தீமிதியில் முடிகிறது. வில்லிபாரதம் பதினெட்டாம் நாள் போரோடு நின்றுவிடும் நூல் என்பதால், விழாவின் உச்சமும் அந்தப் போரிலேயே அமைவது பொருத்தமாக இருக்கிறது.

குருநாட்டில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு போர் செஞ்சிப் பகுதி உழவர்களின் சொந்தக் கதையானது எப்படி என்ற கேள்விக்கு, வழிபாட்டு மரபே ஒரு விடை வைத்திருக்கிறது. பல தலைகள் கொண்ட அசுரனை அழிக்கச் செஞ்சி மன்னனுக்குத் துணையாகத் திரௌபதி மீண்டும் தோன்றினாள் என்றும், போத்துராஜா என்பவன் அவளுடைய காவலனானான் என்றும் அம்மரபு கூறுகிறது. செஞ்சியை அடுத்த மேலச்சேரிக் கோயிலே இவ்வழிபாட்டின் மூலக் கோயிலாகப் போற்றப்படுகிறது. வியாசரிடம் இல்லாத இந்தச் சேர்க்கையைப் பிழையென்று தள்ளுவது எளிது. ஆனால் ஒரு சமூகம் தன் நிலத்தையும் தன் காவல்தெய்வத்தையும் இதிகாசத்துக்குள் எங்கே நிறுத்திக்கொண்டது என்பதைக் காட்டும் சான்று அந்தச் சேர்க்கைதான்.

கூத்தின் ஆட்டமுறையும் பார்ப்பவரை வெளியே நிற்க விடுவதில்லை. கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜகீர்த்தியும் அணிந்த வேடக்காரர், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் பாடியபடி வருகிறார். அவரை யாரென்று கேட்டு அவைக்கு அறிமுகப்படுத்தும் கட்டியக்காரன், துரியோதனன் சபையில் நின்றுகொண்டே ஊர் வழக்குகளையும் அன்றைய விலைவாசியையும் பேசக்கூடியவன். அர்ச்சுனன் தபசு நாளில் தவக்கம்பத்தின் மேல் ஏறிய நடிகர் பாடி எறியும் எலுமிச்சையையும் விபூதியையும், பிள்ளைப்பேறு வேண்டிக் கீழே காத்திருக்கும் பெண்கள் ஏந்திக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, அர்ச்சுனனா என்று பிரிப்பது அங்குள்ளோருக்குத் தேவைப்படுவதில்லை. துகிலுரியும் காட்சியிலோ துச்சாதனனாக வேடமிட்டவர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி அம்மனிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் உண்டு. பாவனை என்று தெரிந்தும் கேட்கப்படும் அந்த மன்னிப்பு, நடிப்பைப் பொய் என்று கருதும் பார்வைக்குப் பிடிபடாதது.

பதினெட்டாம் போர் ஆடி முடிந்த காலையில் நிகழ்வது படுகளம், அதாவது வீரன் வீழ்ந்து கிடக்கும் களம். ஆள் உயரத்தைப் பலமடங்கு மிஞ்சிய துரியோதனன் உருவம் மண்ணால் தரையில் கிடத்தப்பட்டிருக்க, பீமன் வேடமிட்டவர் அதன் தொடையைப் பிளக்கிறார். அங்கே புதைத்து வைத்த செந்நீர் கொண்டு திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படுகிறது. உடனே வெற்றி முழக்கத்துக்கு நடுவில் துரியோதனனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. பகைவனுக்கும் இழவு கொண்டாடும் இந்த ஊர், கதையில் ஒரு கட்சியை மட்டும் சார்ந்து நின்று தன்னை அடையாளம் காணவில்லை என்பதே படுகளத்தில் கவனிக்க வேண்டியது.

இதிகாசத்தின் ஓரத்தில் இருந்த ஒருவனை மையமாக்கிக்கொண்டவர்களும் உண்டு. போர் வெற்றிக்காகத் தன்னையே களப்பலியாகக் கொடுத்த அரவானைப் பற்றிய செய்தி, ஒன்பதாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இருக்கிறது. பலிக்கு முன் மணம் செய்துகொள்ள அவன் விரும்பியதாகவும், கண்ணனே மோகினியாகி அவனை மணந்ததாகவும் பிற்கால மரபு விரிந்தது. உளுந்தூர்பேட்டைக்கு அருகில் உள்ள கூவாகத்தில், சித்திரையில் கூத்தாண்டவராக வணங்கப்படும் அரவான் முன் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுத்துக் கைம்மைக் கோலம் பூணும் திருநங்கைகள், அந்த மோகினியின் இடத்தில் தங்களை நிறுத்துகிறார்கள்.

ஆயினும் கூத்து எல்லோருக்கும் ஒரே அளவில் இடம் கொடுத்ததில்லை. திரௌபதியைத் தெய்வமாக வணங்கும் அதே ஊர்களில் அவள் வேடத்தை நெடுங்காலம் ஆண்களே கட்டினார்கள். பெண்கள் களரிக்கு முன்னால் அமர்ந்திருந்தார்கள். 1990இல் காஞ்சிபுரம் பகுதியில் பெ. ராஜகோபால் முதலான கலைஞர்கள் தொடங்கிய, தெருக்கூத்தின் மற்றொரு பெயரைத் தாங்கிய கட்டைக்கூத்துச் சங்கமும், 2002இல் அது நிறுவிய குருகுலமும் சிறுமிகளுக்கு முறையாகப் பயிற்சி அளித்து மேடையேற்றின. திரௌபதியின் வேடத்தை ஒரு பெண்ணே கட்டி நிற்கும்போது துகிலுரியும் காட்சியும் துச்சாதனன் கேட்கும் மன்னிப்பும் பழைய பொருளிலேயே நிற்குமா என்பது, எந்த ஆய்வாளரும் முன்கூட்டியே சொல்லக்கூடியதன்று. ஆடி ஆடித்தான் தெரியும்.