தங்கை வந்தபோது அக்காள் இல்லை!

பொழுது புலரும் வேளையில் ஆவடி ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். அரக்கோணம் வண்டிக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பழைய மருந்துச் சீட்டுகள், பக்கத்தில் தளர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவர் என்று ஒரு குடும்பம் கட்டாயம் கண்ணில் படும். "எங்கே பயணம், அம்மா?" என்று கேட்டால், "வேலூருக்குங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு" என்று பதில் வரும். அம்பத்தூரிலும் இதே காட்சிதான். பூந்தமல்லியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் கேட்டாலும் இதே பதில்தான்.

அவர்கள் தேடிப் போகும் ஆஸ்பத்திரியின் கதை வேலூரில் தொடங்கவில்லை. கடலுக்கு அப்பால், இலங்கைத் தீவில், யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளுக்கு நடுவே இருந்த சில வீடுகளில் தொடங்கியது. அந்த வீடுகளுக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர் வருவது என்பது சாமானியமான காரியமா? ஆண்டுக்கணக்கில் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்க வேண்டும். வந்தவர் முகத்தைப் பார்க்க வீட்டுக்காரர் உயிரோடு இருக்கவும் வேண்டும்! அந்தக் காத்திருப்பின் கதைதான் இது.

தீவுக்குப் போன காரணம்

1819-ம் ஆண்டு ஜூன் 8-ம் தேதி. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'இண்டஸ்' என்ற பாய்க்கப்பல் புறப்பட்டது. அதில் நான்கு இளம் பாதிரிமார்களும் அவர்களுடைய மனைவியரும் இருந்தனர். மைரன் வின்ஸ்லோ, அவர் மனைவி ஹாரியட். லெவி ஸ்பால்டிங், அவர் மனைவி மேரி. ஜான் ஸ்கடர் என்ற டாக்டர், அவர் மனைவி ஹாரியட். இவர்களோடு உட்வர்ட் தம்பதிகள்.

இந்தியாவுக்கு வராமல் இவர்கள் இலங்கைக்குப் போனது ஏன்? அந்நாளில் இந்தியா கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. அமெரிக்கப் பாதிரிமார் வந்து குடியேறுவதைக் கம்பெனியார் விரும்பவில்லை. இலங்கையோ பிரிட்டிஷ் மன்னரின் நேர் ஆட்சியில் இருந்தது. அங்கே 1816-லேயே அமெரிக்கர்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. போர்த்துகீசியரும் டச்சுக்காரரும் விட்டுப்போன பாழடைந்த மாதா கோயில்களும் வீடுகளும் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு முதலிய ஊர்களில் கிடந்தன. அவற்றைப் பழுது பார்த்துக்கொண்டு குடிபுகுந்தார்கள். வின்ஸ்லோ தம்பதிகளுக்கு உடுவில். டாக்டர் ஸ்கடர் தம்பதிகளுக்குப் பண்டத்தரிப்பு.

பயணம் தொடங்கியபோதே துயரமும் தொடங்கியது. ஸ்கடர் தம்பதிகளின் சிறு குழந்தை, இலங்கை போய்ச் சேருமுன் கல்கத்தாவிலேயே இறந்தது.

அடைபட்ட கதவு

இவர்கள் போய்ச் சேர்ந்த சிறிது காலத்திலேயே இன்னொரு இடி விழுந்தது. இலங்கை அரசாங்கத்தின் பொறுப்பை ஏற்ற பார்ன்ஸ் துரை, "இருக்கும் அமெரிக்கர்கள் இருக்கலாம், புதிதாக ஒருவரும் வரக்கூடாது" என்று கட்டளை போட்டார். 1820-ல் அச்சு வேலை தெரிந்த கேரட் என்பவர் வந்து இறங்கினார். அவரும் திருப்பி அனுப்பப்பட்டு, பம்பாய்க்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்தத் தடை பதின்மூன்று ஆண்டுகள் நீடித்தது. வாசகர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்று அரை நிமிஷத்தில் செய்தி வந்துவிடுகிறது. அன்று ஒரு கடிதம் பாய்க்கப்பலில் போய்ச் சேர மாதங்கள் ஆகும். பதில் வர இன்னும் அத்தனை மாதங்கள். "சௌக்கியமா?" என்று கேட்ட கேள்விக்கு விடை வருமுன் கேட்டவர் இருப்பாரா, கேட்கப்பட்டவர் இருப்பாரா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்!

மழைக்கு ஒதுங்கிய விருந்தாளிகள்

சொந்தக்காரர் வராத உடுவில் வீட்டுக்கு வேறு விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு நாள் பெருமழை கொட்டியது. இரண்டு சிறுமிகள் மழைக்கு ஒதுங்கி ஹாரியட் அம்மையாரின் வீட்டுக்குள் வந்தார்கள். இரவாகியும் மழை விடவில்லை. பசித்த பிள்ளைகளுக்கு அம்மையார் உணவு கொடுத்துப் படுக்கச் செய்தார். மறுநாள் தேடி வந்த தகப்பனாருக்குக் கோபம். "வேற்றுச் சாதியார் வீட்டில் கை நனைத்த பிள்ளைகளை இனி எப்படிச் சேர்த்துக்கொள்வது? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்!" என்று சொல்லிவிட்டாராம். அந்தச் சிறுமிகளுக்கு எழுத்துக் கற்பித்ததிலிருந்துதான் பெண் பள்ளி வளர்ந்தது என்று யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

கதை எப்படியிருந்தாலும், 1824-ல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது என்பது சரித்திரம். பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்தப் பள்ளி இருநூறு ஆண்டுகளைக் கடந்து உடுவில் மகளிர் கல்லூரியாக இன்றும் நடக்கிறது.

பிறர் பெண்களைச் சேர்த்துக்கொண்ட அந்தத் தாய், தான் பெற்ற பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வெப்ப நாட்டில் பிள்ளைகள் உடல் தேறாது, தகுந்த படிப்பும் கிடைக்காது என்று எண்ணி, பத்து வயது வாக்கில் அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அந்தப் பாதிரிமார் வழக்கம். கப்பல் ஏறும் பிள்ளையை இனி இந்தப் பிறவியில் காண்போமோ என்பது நிச்சயமில்லை. பெற்ற மனம் என்ன பாடு பட்டிருக்கும்! ஹாரியட் அம்மையாரின் மகன் சார்லஸ் அப்படித்தான் போனான். 1832-ல் அமெரிக்காவிலேயே இறந்துபோனான். அவனுக்கு வயது பத்தைத் தாண்டி அதிக நாள் ஆகவில்லை.

வந்த தங்கை

1833-ல் தடை நீங்கியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் புதிய பாதிரிமார்கள் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார்கள். அவர்களில் ஹட்சிங்ஸ் என்பவரின் மனைவி எலிசபெத். இவர் வேறு யாருமல்ல, உடுவில் ஹாரியட் அம்மையாரின் உடன் பிறந்த தங்கை!

அக்காளும் தங்கையும் பிரிந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், தங்கை வந்தபோது அக்காள் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் ஹாரியட் அம்மையார் கண்ணை மூடிவிட்டார். அக்காளின் கைப்பட்ட பள்ளி இருந்தது; அக்காளுடைய மாணவிகள் இருந்தார்கள்; அக்காளின் கல்லறையும் இருந்தது.

கதை இத்துடன் முடியவில்லை. அமெரிக்காவில் நார்விச் என்ற ஊரிலிருந்த அந்தக் குடும்பத்திலிருந்து இன்னும் இரண்டு தங்கைகள் புறப்பட்டு வந்தார்கள். ஒருவர் பெர்ரி என்பவரின் மனைவி. மற்றவர் மதுரை மிஷனைச் சேர்ந்த செர்ரி என்பவரின் மனைவி. 1837-ம் ஆண்டு இருவரையுமே கொண்டுபோய்விட்டது. பெர்ரி தம்பதிகள் வாந்திபேதி கண்டு, சில நாள் இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். நான்கு சகோதரிகளில் மூவர் தமிழ் மண்ணுக்கே உரியவர்கள் ஆனார்கள்.

இவ்வளவு சாவுகளுக்கும் நடுவே உடுவில் வீட்டின் கதவை அடைக்காமல் காத்தவர்கள் ஸ்பால்டிங் தம்பதிகள். ஹாரியட் அம்மையார் மறைந்ததும் பள்ளியின் பொறுப்பை மேரி ஸ்பால்டிங் ஏற்றார். அவர்களும் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பியவர்களே. புதிதாக வந்த இளம் தம்பதிகளுக்கு அவர்கள்தாம் தாயும் தகப்பனும். வந்தவரை வரவேற்றார்கள்; நோயில் விழுந்தவரைக் கவனித்தார்கள். லெவி ஸ்பால்டிங் தமிழ் அகராதி வேலையிலும் உழைத்தார். 1820-ல் யாழ்ப்பாணம் சேர்ந்தவர் 1873-ல்தான் மறைந்தார். மேரி அம்மையார் அடுத்த ஆண்டே அவரைப் பின்தொடர்ந்தார்.

சென்னைக்கு வந்த மகள்

1833-ல் கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்டபோது, இந்தியாவின் கதவும் பிற நாட்டாருக்குத் திறந்தது. 1836-ல் வின்ஸ்லோவும் டாக்டர் ஸ்கடரும் சென்னைப் பட்டணம் வந்து சேர்ந்தார்கள். சிந்தாதிரிப்பேட்டையில் மிஷன் வேலையும் அச்சுக்கூடமும் தொடங்கின.

உடுவில் தாய்க்குக் கிடைக்காத பாக்கியம் தகப்பனாருக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, நான்கைந்து வயதில் அமெரிக்கா சென்ற மகள் ஒருத்தி உண்டு. தாயின் பெயரே அவளுக்கும்: ஹாரியட். 1840-களின் கடைசியில் அந்த மகள், டல்லஸ் என்ற பாதிரியாரை மணந்து, கணவருடன் சென்னைக்கு வந்து தகப்பனார் கண்முன் நின்றாள்! உடல்நலம் இடம் கொடுக்காததால் சில ஆண்டுகளில் அந்தத் தம்பதிகள் நாடு திரும்பினார்கள். அவர்களுடைய பேரன்தான் 1953 முதல் 1959 வரை அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்த ஜான் பாஸ்டர் டல்லஸ். உலக அரசியலில் பேர்போன அந்த மனிதரின் பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவார்கள்?

வின்ஸ்லோ சென்னையிலேயே தங்கி, அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதியை 1862-ல் வெளியிட்டார். யாழ்ப்பாணத்தில் பலர் தொடங்கி வைத்த வேலை அது. இராமாநுச கவிராயர் முதலிய தமிழ்ப் புலவர்களின் உழைப்பும் அதில் உண்டு. 1864-ல் வின்ஸ்லோ தாய்நாட்டுக்குக் கப்பல் ஏறினார். ஊர் போய்ச் சேரவில்லை. வழியில் தென் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் உயிர் பிரிந்தது.

மூன்று தடவை தட்டிய கதவு

இனி டாக்டர் ஸ்கடரின் குடும்பம். அவருடைய ஏழு மகன்கள் தென்னாட்டில் ஊழியம் செய்தார்கள். அவர்களில் மூவர் 1853-ல் ஆர்க்காட்டு மிஷனை அமைத்தார்கள். பூந்தமல்லி வழியாக மேற்கே ஓடும் சாலை அந்த ஆர்க்காட்டுக்குப் போகிற சாலைதான். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதும் நம் அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான்.

1835-ல் யாழ்ப்பாண நாட்டில் பிறந்த மகன் ஜான். அவருடைய மகள் ஐடா 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். பழைய வழக்கம் இந்தப் பெண்ணையும் விடவில்லை. அமெரிக்காவில் உறவினரிடம் இவரை விட்டுவிட்டுப் பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். தனியாக அழுது வளர்ந்த ஐடா, "இந்தப் பாதிரி வாழ்க்கையே நமக்கு வேண்டாம்" என்று உறுதி செய்துகொண்டார்.

1890-ல் திண்டிவனத்திலிருந்து செய்தி போயிற்று: தாயாருக்கு உடம்பு சரியில்லை. இருபது வயது ஐடா, தாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது என்ற எண்ணத்துடன் விருந்தாளியாகத்தான் வந்தார்.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர். "என் மனைவிக்குப் பிரசவ வேதனை. நீங்கள் வரவேண்டும்." "எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டரை வீட்டுப் பெண்ணிடம் விடமுடியாது என்று வந்தவர் திரும்பினார். பிறகு ஒரு முஸ்லிம். அதன் பிறகு இன்னொரு இந்து. அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

விருந்தாளி மனம் மாறினார். அமெரிக்கா சென்று, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் வேலூர் திரும்பினார். அதே ஆண்டில் தகப்பனார் காலமானார். தகப்பனார் வீட்டில் ஒரே ஒரு படுக்கையுடன் ஐடா வைத்தியத்தைத் தொடங்கினார். 1902-ல் ஆஸ்பத்திரி எழுந்தது. 1909-ல் தாதியர் பயிற்சிப் பள்ளி; 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி; 1947 முதல் ஆண்களுக்கும் இடம். 1960-ல் கோடைக்கானலில் அவர் மறையும்போது வேலூரின் பெயர் உலகெங்கும் பரவியிருந்தது.

யாருடைய கண்ணீர்?

இவர்கள் தங்கள் மதத்தைப் பரப்பவே வந்தார்கள். அதை மறைப்பதற்கில்லை, அவர்களும் மறைக்கவில்லை. அதை எதிர்த்து யாழ்ப்பாணத்தில் சைவர்கள் கிளர்ந்தெழுந்து, தங்கள் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் ஏற்படுத்திக்கொண்டது தனிச் சரித்திரம். அந்த வழக்கை இங்கே தீர்க்கப் போவதில்லை.

ஆனால், விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் தனி அதிகாரம் வகுத்த மொழி நம்முடையது. வாசலில் வந்து நிற்பவரின் அருமை நமக்குத் தெரியும். அந்தத் தீவு வீடுகளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தாய்மார் காத்திருந்தார்கள். வந்தவர்களில் சிலர் கல்லறையைக் கண்டார்கள்; சிலர் தாமே கல்லறைக்குள் போனார்கள்; ஒருத்தி ஆஸ்பத்திரி கட்டினாள். அந்த ஒருத்தியின் மனத்தை மாற்றியவர்கள் நம் பெண்கள் மூவர். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் பெரிதாக எழுதப்படவில்லை.

அடுத்த முறை ஆவடி நிலையத்தில் மருந்துச் சீட்டுப் பையோடு நிற்கும் குடும்பத்தைப் பார்த்தால், முதியவர் உட்காரக் கொஞ்சம் இடம் கொடுங்கள். அவர்கள் போகிற வழியில் ஏற்கெனவே பல வீடுகளின் கண்ணீர் சிந்தியிருக்கிறது.