மேகசின் போனாலும் தோட்டா இருக்கலாம்

 

இந்திய ராணுவத்தின் 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கி மேகசினில் 13 தோட்டாக்கள் பிடிக்கும். மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நம்பிவிடக் கூடாது. குழலின் பின்னறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். அதனால் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, விரலால் தடவி உறுதிசெய்ய வேண்டும். சுடும் நொடி வரை விரல் விசையைத் தொடக் கூடாது.

சிரிக்கவைக்க ஆயிரம் வழி உண்டு. விளையாட்டுக்காக அடுத்தவர் மீது துப்பாக்கியை நீட்டுவது அதில் சேராது. அதேபோல, கல்யாணம், கோயில் கொடை போன்ற கொண்டாட்டங்களில் அலட்சியமாகச் சுட்டு அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தின்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறொரு பூட்டிலும் இருக்கட்டும்!