தலைவர்கள் பிழை விட்டால் சிப்பாயின் கௌரவம் என்னாகும்?

இந்த நாட்டில் நவம்பர் வந்தால் கோட்டில் பொப்பிப் பூக் குத்தாமல் தொலைக்காட்சியில் முகம் காட்டுகிறவர்களைக் காண்பது அரிது. என்னோடு வேலை செய்கிற வெள்ளைக்காரரும் அப்படித்தான். இராணுவச் சேவை கௌரவமானதா என்று கேட்டால், இதிலென்ன கேள்வி என்பதுபோலப் பார்ப்பார்கள். தேநீர் குடித்து முடிவதற்குள் அதே ஆக்கள்தான் ஈராக் போர் ஏமாற்றித் தொடங்கின போர் என்றும் சொல்வார்கள். போர் பிழை, ஆனால் போனவர்கள் மரியாதைக்குரியவர்கள். இதை இரக்கத்தில் சொல்கிறார்களா, நியாயத்தில் சொல்கிறார்களா என்று எனக்குக் கன காலமாக ஒரு கேள்வி.

இப்போது அது வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் தங்கச்சியின் மகன் பிரித்தானிய இராணுவத்தில் சேரப் போகிறேன் என்று நிற்கிறான். வயது 18. தங்கச்சி அழுதுகொண்டு போன் எடுத்தாள். "அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பான். ஒருக்கால் கதையுங்கோ."

எங்கட தலைமுறைக்கு 'ஆமி' என்ற சொல்லே வேறு. ஆமி வருகுது என்றால் பின்கதவால் ஓடுவது, சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டிறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நடப்பது. அந்தச் சொல்லோடு வளர்ந்த தாய்க்கு மகனைச் சீருடையில் நினைத்துப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு விளங்குகிறது. பெடியன் என்னிடம் சொன்னது: "மாமா, அது வேற ஆமி. இது வேற."

வேறுதான். ஆனால் எவ்வளவு வேறு என்பதைப் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு ஈராக்கை விட நல்ல உதாரணம் இல்லை. ஏனென்றால் அந்தப் போரின் தலைமை எப்படி நடந்துகொண்டது என்பதை இந்த நாடே விசாரித்து எழுதி வைத்திருக்கிறது. சில்கொட் விசாரணை 2009இல் தொடங்கி, 2016 ஜூலை 6ஆம் திகதி 12 தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 26 இலட்சம் சொற்கள். அதன் சாரம் எளிது. சமாதான வழிகள் எல்லாம் முடியுமுன்பே போருக்குப் போனார்கள். பேரழிவு ஆயுதங்கள் பற்றி அவர்கள் காட்டிய உறுதிக்கு ஆதாரம் போதாது. சதாமுக்குப் பிறகு என்ன என்பதற்கான திட்டமிடல் முற்றிலும் போதாதது. அந்தப் போரில் பிரித்தானியப் படையினர் 179 பேர் இறந்தார்கள். ஈராக்கியர் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரு முடிந்த கணக்கில்லை.

மோசமான தலைமை என்றால் பொய்யும் பிழையான கணிப்பும் மட்டுமல்ல. அது கடைசியில் ஒரு சிப்பாயின் நெஞ்சுக்கு மேல் வந்து நிற்கும். 2002இல் போருக்கு ஆயத்தம் செய்வது வெளியே தெரிந்தால் ஐ.நா.வில் நடக்கும் பேச்சு கெட்டுவிடும் என்று அரசாங்கம் பயந்தது. அதனால் பாதுகாப்பு அமைச்சர் ஜெஃப் ஹூன் தன்னைத் தளவாடப் பகுதித் தலைவரோடு கூடப் பேச விடவில்லை என்று, அப்போதைய முப்படைத் தலைமை அதிகாரி அட்மிரல் மைக்கேல் பொய்ஸ் விசாரணையில் சாட்சி சொன்னார். சாமான் வாங்குவது பிந்தியது. போர் தொடங்கி நாலைந்து நாளில், 2003 மார்ச் 24ஆம் திகதி, பஸ்ராவுக்குப் பக்கத்தில் ஸுபைர் என்ற ஊரில் ஒரு டாங்கிப் படை சார்ஜன்ட் சுடப்பட்டு இறந்தார். அதற்குச் சில நாளைக்கு முன்தான் அவருடைய குண்டு துளைக்காத கவச அங்கியைத் திருப்பி வாங்கியிருந்தார்கள். எல்லாருக்கும் போதுமான அளவு இல்லையாம். அது உடம்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று இராணுவத்தின் சொந்த விசாரணையே சொன்னது.

ஸ்னாட்ச் லாண்ட் ரோவர் கதையும் இதே மாதிரி. வட அயர்லாந்துத் தெருக்களுக்குச் செய்த மெல்லிய கவச வண்டி. அதை ஈராக்கில் வீதியோரக் குண்டுகளுக்கு நடுவே ஓட விட்டார்கள். அமாராவில் 2005இல் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2017இல்தான் பாதுகாப்பு அமைச்சர் மைக்கேல் ஃபாலன் அவருக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார். ஒரு கடிதத்துக்கு 12 வருஷம்.

இப்படிப்பட்ட தலைமைக்குக் கீழே போய்ச் செய்த சேவையில் கௌரவம் எங்கே இருக்கிறது?

எங்கட பட்டிமன்றங்களில் இந்தக் கேள்வி பழசு. கும்பகர்ணனா, வீடணனா? அண்ணன் செய்தது பிழை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை அவன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருவன் விலகிப் போனான். மற்றவன் தின்ற சோற்றுக்குக் கடன் என்று களத்துக்குப் போய்ச் செத்தான். கம்பன் இரண்டு பேரையும் கீழே விடவில்லை. கர்ணனுக்கும் செஞ்சோற்றுக் கடன் என்றுதான் நாங்கள் உருகுகிறோம். நடுவர் கடைசியில் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சனம் கை தட்டும்.

ஆனால் இந்த உவமையைச் சிப்பாய்க்குப் பொருத்த முடியாது என்பது என் எண்ணம். கும்பகர்ணனுக்குச் சபையில் ஆசனம் இருந்தது. சண்டர்லாந்திலோ சவுத்ஹோலிலோ இருந்து போகிற 19 வயதுப் பிள்ளைக்கு டவுனிங் தெருவில் யார் கதவு திறப்பார்கள்? சபையில் இருந்தவர்கள் வேறு ஆக்கள். அதில் சிலர் தங்கட கடமையைச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெளியுறவு அமைச்சின் துணைச் சட்ட ஆலோசகர் எலிசபெத் வில்ம்ஸ்ஹர்ஸ்ட், இந்தப் போர் சட்டத்துக்கு மாறானது என்று பதவியை விட்டார். ரொபின் குக் அமைச்சரவையிலிருந்து விலகினார். அட்மிரல் பொய்ஸ் விலகவில்லை. போர் சட்டப்படியானது என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதி தா என்று அரசிடம் கேட்டு வாங்கினார். மார்ச் 18ஆம் திகதி நாடாளுமன்றம் 412க்கு 149 என்று போருக்குக் கை தூக்கியது. சிப்பாய்க்குக் கிடைத்தது அந்த 412இன் முடிவு மட்டும்தான்.

மறுத்தவரும் இருக்கிறார். விமானப்படை மருத்துவர் மல்கம் கெண்டல்-ஸ்மித், 2005இல் பஸ்ராவுக்குப் போ என்ற கட்டளையை ஏற்க மறுத்தார். போர் சட்டவிரோதம் என்பது அவர் வாதம். 2006 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றம் 8 மாதச் சிறை கொடுத்தது. அந்த நேரத்தில் படைகள் அங்கே நிற்க ஐ.நா. தீர்மானம் இருந்தது, போர் தொடங்கிய விதம் பற்றிய கேள்வி இந்த வழக்குக்குப் பொருந்தாது என்று நீதிபதி ஒதுக்கிவிட்டார். அந்த மனிதரை நான் மதிக்கிறேன். ஆனால் எல்லாச் சிப்பாயும் அவரைப் போல் செய்யாததால் கௌரவம் இழந்தார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு படைவீரனும் எந்தப் போருக்குப் போவது என்று தானே தெரிவு செய்கிற இராணுவம் எப்படி இருக்கும் என்று, ஆமிச் சதிகளைப் பார்த்த நாட்டு ஆக்களிடம் கேட்டுப் பாருங்கள். நாடாளுமன்றத்துக்குக் கீழ்ப்படியாத ஆமி, நாடாளுமன்றத்தையே மாற்றவும் வெளிக்கிடும்.

அப்படியானால் சிப்பாயின் கையில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அங்கேதான் எனக்கு முழுக் கேள்வியும் மாறுகிறது.

பஹா மூசா. 26 வயது. பஸ்ராவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பாளர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். 2003 செப்டெம்பரில் பிரித்தானியப் படையினர் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாளுக்குள் காவலிலேயே செத்தார். உடம்பில் 93 காயங்கள். தலையில் சாக்கு மாட்டுவதும் வதைக்கும் நிலையில் நிற்க வைப்பதும் 1972இலேயே பிரித்தானிய அரசு தடை செய்த முறைகள். ஆனால் அந்தத் தடையைக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது பாதுகாப்பு அமைச்சு. 2011இல் வந்த கேஜ் விசாரணை அறிக்கை அமைச்சின் மேல் அந்தக் குற்றத்தைச் சரியாக வைத்தது. ஆனாலும் அடித்த கை அமைச்சின் கை இல்லை. அந்தக் கூடத்துக்குள் பலர் வந்து போனார்கள், பார்த்தார்கள், பேசாமல் போனார்கள். முகாமின் மருத்துவர் பிறகு மருத்துவப் பதிவிலிருந்தே நீக்கப்பட்டார். ஒரு கோப்ரல் மட்டும் குற்றத்தை ஏற்று ஒரு வருடம் சிறை போனார்.

அதே படையில் நிக்கலஸ் மேர்சர் என்ற சட்ட அதிகாரியும் இருந்தார். லெப்டினன்ட் கேணல். போர் தொடங்கிய முதல் கிழமைகளிலேயே, கைதிகள் தலையில் சாக்கோடு முழந்தாளில் இருப்பதைக் கண்டு, இது சட்டத்துக்கு மாறு என்று மேலே எழுதினார். மூசா சாவதற்கு ஐந்தாறு மாதத்துக்கு முன்பு. அவர் சீருடையைக் கழற்றவில்லை. போரை நிறுத்த அவரால் முடியவும் இல்லை. பிளேயர் அவருக்கும் பிரதமர், அந்தக் கோப்ரலுக்கும் பிரதமர்.

தலைமை மோசமாக இருந்தால் சேவையில் கௌரவம் இல்லை என்று சொல்கிறவர்களோடு நான் இந்த இடத்தில்தான் முரண்படுகிறேன். அப்படிச் சொன்னால் மேர்சரும் கோப்ரலும் ஒன்றாகிவிடுவார்கள். மறுபக்கம், சீருடை போட்டவர் எல்லாரும் வீரர் என்று சொல்கிறவர்களும் அதே இரண்டு பேரையும் ஒன்றாக்குகிறார்கள். பிரித்தானியச் சிப்பாய் சத்தியம் செய்வது முடிக்கு, பிரதமருக்கு இல்லை. பிரதமர் கொடுக்காத கௌரவத்தைப் பிரதமரால் கெடுக்கவும் முடியாது. அவரால் கெடுக்க முடிந்தது அந்தப் பிள்ளைகளின் உயிர், கை, கால், நித்திரை.

இன்னொன்று. 2007 முதல் 2011 வரை இறந்த படையினரின் பெட்டிகள் வூட்டன் பாசெட் என்ற சின்னப் பட்டினத்தால் போகும்போது சனம் தெருவின் இரு பக்கமும் மௌனமாக நின்றது. யாரும் கூப்பிட்டு வரவில்லை. அது உண்மையான மரியாதை. ஆனால் அரசியல்வாதிகள் அந்த மரியாதையைக் கடன் வாங்கித் தங்களுக்குப் போர்த்திக்கொள்வார்கள். போரைக் கேள்வி கேட்டால் பெடியளை அவமதிக்கிறாய் என்பார்கள். 2005 தேர்தலில் செட்ஜ்ஃபீல்ட் தொகுதியில் பிளேயரை எதிர்த்து நின்ற ரெஜ் கீஸ், ஈராக்கில் மகனை இழந்த தகப்பன். வாக்கு எண்ணி முடிந்த இரவு அவர் மேடையில் பேசும்போது பிளேயர் பின்னால் நின்று கேட்க வேண்டியிருந்தது. அந்தத் தகப்பனைப் பார்த்து நீ படையை அவமதிக்கிறாய் என்று யார் சொல்வார்கள்?

பஸ்ரா என்ற ஊர் எங்கட ஆக்களுக்கு 2003இல் புதிதாக வந்ததும் இல்லை. முதலாம் உலகப் போரில் தமிழரும் இருந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையை மெசப்பொத்தேமியாவில் இறக்கினார்கள். போதிய படகில்லாமல், மருந்தில்லாமல் பாக்தாத்தைப் பிடிக்கப் போ என்று மேலே முடிவெடுத்தார்கள். 1916 ஏப்ரலில் குட் என்ற ஊரில் ஏறக்குறைய 13,000 பேர் சரணடைந்தார்கள். பெரும்பாலும் இந்தியர். அப்போதும் விசாரணைக் குழு போட்டார்கள், 1917இல் அறிக்கை வந்தது. ஒரு வித்தியாசம்: இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லெய்ன் தன் துறைக்குப் பொறுப்பெடுத்துப் பதவி விலகினார். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000க்கும் மேற்பட்டோர் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் கல்லில் பெயர் வெட்டியது பிரித்தானியருக்கும் இந்திய அதிகாரிகளுக்கும். சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவும் எண்ணிக்கையும் மட்டும். அந்தப் பாகுபாட்டைப் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் மன்னிப்போடு ஒப்புக்கொண்டது 2021இல்.

மருமகனிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. மூன்று விஷயம் சொன்னேன். 18 வயதில் கையெழுத்து வைத்தால் சாதாரணமாகக் குறைந்தது 4 வருடம். தொடக்கப் பயிற்சிக் காலத்தில் விலக வழி இருக்கிறது, அதை வடிவாக வாசி. எந்தப் போர் என்று நீ தெரிவு செய்ய முடியாது. உன்னிடம் இருக்கிற பெரிய தெரிவு கையெழுத்து வைக்கிற நாள். அதற்குப் பிறகு உன் கையில் இருப்பது, பிடிபட்டவனை எப்படி நடத்துகிறாய், கண்டதை மேலே சொல்கிறாயா என்பதுதான். அவன் பஹா மூசாவின் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அறிக்கையின் இணைப்பை அனுப்பினேன். வாசித்துவிட்டு, இன்னும் சேர வேண்டும் என்றுதான் நிற்கிறான். தங்கச்சிக்கு என்மேல் கோபம்.

அவளுக்கும் ஒன்று சொன்னேன். சிப்பாய்க்கு மறுக்க முடியாததை நாடாளுமன்றம் மறுக்கலாம். 2013 ஓகஸ்ட் 29ஆம் திகதி சிரியாவில் குண்டு போடுவதற்கு கமரன் கேட்ட அனுமதி 285க்கு 272 என்று தோற்றது. 13 வாக்கு. ஈராக்கின் நினைவு இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் அது மரபுதான், சட்டமில்லை. 2018இல் தெரேசா மே முதலில் கேட்காமலேயே சிரியாவில் தாக்கினார். தங்கச்சி இங்கே வந்து 24 வருடம், குடியுரிமை எடுத்து 15 வருடம். தன்னுடைய எம்.பி. யார் என்று தெரியாது. மகன் வாக்காளர் பட்டியலில் இன்னும் பதியவே இல்லை. அதை இந்தக் கிழமையே செய்யச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரையும்.