மூளையின் வாயிலைக் காக்கும் கொழுப்பு

உடலின் பெரும்பாலான உறுப்புகளில் இரத்தத்திலுள்ள சிறு மூலக்கூறுகள் தந்துகிச் சுவரைக் கடந்து திசுக்களுக்குள் எளிதில் பரவிவிட, மூளையின் தந்துகிகளோ அவற்றுள் பலவற்றைத் தடுத்து நிறுத்துகின்றன. 'இரத்த–மூளைத் தடை' எனப்படும் இவ்வமைப்பை 1967-இல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்த தாமஸ் ரீஸ், மோரிஸ் கார்னோவ்ஸ்கி ஆகிய இருவரும், தந்துகிச் சுவரின் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருப்பதையும், செல்லின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்குப் பொருள்களை ஏற்றிச்செல்லும் நுண்பைகள் அங்கே மிகக் குறைவாக இருப்பதையும் கண்டனர். முதல் செய்தி பாடநூல்களில் நிலைபெற, இரண்டாவது நெடுங்காலம் போதிய கவனம் பெறாமலே கிடந்தது.

செல்களுக்கு இடையே வழியில்லாதபோது எப்பொருளும் செல்லின் ஊடாகவே செல்ல வேண்டும். செல்லைச் சூழ்ந்த சவ்வோ கொழுப்பு மூலக்கூறுகளாலான இரட்டைப் படலம்; எனவே கொழுப்பில் கரையும் பொருள்கள் அதை எளிதில் கடக்கும். மார்ஃபினைவிட ஹெராயின் விரைவாக மூளையை எட்டுவது, அதிலுள்ள இரு அசிட்டைல் தொகுதிகள் கொழுப்பில் கரையும் இயல்பைக் கூட்டுவதால்தான்.

மத்தி போன்ற மீன்களில் மிகுந்துள்ள டி.எச்.ஏ. என்னும் ஒமேகா-3 கொழுப்பு அமிலம் மூளைச் செல்களின் சவ்வுக்கு இன்றியமையாதது. வால் போன்ற இரு கொழுப்பு அமிலங்களில் ஒன்றை இழந்த பாஸ்போலிப்பிட் மூலக்கூற்றில் எஞ்சிய வாலாக அது அமர்ந்து வர, 'எம்.எஃப்.எஸ்.டி.2ஏ' என்னும் புரதம் அதனை உள்ளே கொண்டுசெல்வதைச் சிங்கப்பூரில் டேவிட் சில்வரின் குழு 2014-இல் காட்டியது. அதே ஆண்டில் ஹார்வர்டில் செங்குவா கூவின் குழு, இப்புரதம் இல்லாத எலிகளில் செல் இணைப்புகள் குலையாமலே தடை கசிவதைக் கண்டது.

உணவு கொண்டுவரும் புரதத்துக்கும் கசிவுக்கும் என்ன தொடர்பு? 2017-இல் கூவின் குழுவே விடை தந்தது. உள்ளே வரும் டி.எச்.ஏ. கொழுப்புகளில் ஒரு பகுதி தந்துகிச் செல்லின் சவ்விலேயே தங்கி அதன் இயல்பை மாற்ற, நுண்பைகளாக உருவெடுக்கும் 'கேவியோலா' என்னும் குடுவை வடிவக் குழிவுகள் அங்கே தோன்றுவது தடைப்படுகிறது. அக்குழிவுகளுக்குத் தேவையான கேவியோலின்-1 புரதத்தையும் நீக்கிய எலிகளில் கசிவு நின்றுபோனது இதனை உறுதிப்படுத்தியது. சவ்வு வெறும் சுவரன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மனிதரில் எம்.எஃப்.எஸ்.டி.2ஏ புரதத்துக்குரிய மரபணு கடுமையாகப் பழுதுபட்டால் சிறுதலைக் குறைபாடு உண்டாகிறது. மருந்துகளை உட்செலுத்துவதற்காக இப்புரதத்தைத் தற்காலிகமாக முடக்கலாம் என்னும் யோசனை கவர்ச்சியானதே; ஆயினும் கேவியோலாக்கள் மருந்தை மட்டும் தேர்ந்து ஏற்றுவதில்லை, ஆல்புமின் போன்ற இரத்தப் புரதங்களும் அவற்றோடு மூளைக்குள் நுழைந்துவிடும்.