உங்களுக்குத் தெரியுமா? பதினைந்து எழுத்தின் பரீட்சை

திருப்பூர்க் காதர்பேட்டையில் பனியன் மூட்டைக்குப் பில் போடும் கணினி, சரக்கு வாங்குவோரின் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண்ணில் முதல் இரண்டும் மாநிலக் குறிதானா (தமிழ்நாட்டுக்கு 33), அடுத்த பத்தும் பான் எண்ணின் ஸ்வரூபம் உடையனவா என்று பரீட்சிப்பது, 1950-களில் கணித மேதை ஸ்டீபன் கிளேனி வகுத்த ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ என்னும், எழுத்துத்தொடரின் வடிவத்தை விதிக்கும் சாஸ்திரத்தின் பிரயோகத்தால் இயல்வதாகும். ஆயினும் பைதான் நிரல்மொழியின் ‘மேட்ச்’ என்னும் செயற்கூறு, தொடக்கம் பொருந்தினாலே திருப்தியடைந்து, வாலில் 16-ஆவது எழுத்தொன்று ஒட்டியிருப்பினும் ‘சரி’ என்றே விடையிறுக்குமாதலின், தொடர் முழுதும் பொருந்தினாலன்றி ஏற்காததும் 2014-இல் சேர்க்கப்பெற்றதுமான ‘ஃபுல்மேட்ச்’ இங்கு உகந்தது. எண் பிழைத்தால், வாங்கியவருக்கு நியாயமாகச் சேர வேண்டிய உள்ளீட்டு வரி வரவு அவர் கணக்கில் ஏறாமல் நின்றுவிடுகிறது. எழுத்தோடு எழுத்தோ இலக்கத்தோடு இலக்கமோ இடம் மாறிய பிழையை வடிவப் பரீட்சை அறியாது. அதனைப் பெரும்பாலும் கணக்கிட்டுக் காட்டுவது 15-ஆவதாக நிற்கும் சரிபார்ப்பு எழுத்தே.